மயான காண்டத்தில் இருவர்: இசை நாடக நடிப்பில் உடன்நடிகர் உறவு பற்றிச் சில குறிப்புகள்

ஈழத்து இசை நாடகம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை ஒருங்கு வைத்து நோக்குபவர்க்கு ஒரு விடயம் விரைவிலேயே புலப்பட்டுவிடும். அவற்றுட் பெரும்பாலானவை குரலைப் பற்றியவை. இன்னாருடைய சாரீரம் எத்தனை கட்டையில் நின்றது, விருத்தத்தை எவ்வளவு நேரம் நீட்டினார், எந்த இராகத்தாற் சபையைக் கட்டிப்போட்டார் என்பனவே நடிப்பின் அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டுள்ளன. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக நின்ற மயான காண்டம் மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தனை இரவுகளிலும் அவருக்கு எதிரே, மடியில் மகனின் பிணத்தோடு, இன்னொரு நடிகர் இருந்திருக்கிறார். சந்திரமதியாக இருந்த அந்த நடிகர் என்ன செய்தார், அவர் செய்தது அரிச்சந்திரனை என்ன செய்தது என்ற வினா நமது விமர்சனத்தில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது.

இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் எனக் கொள்வதற்கில்லை. கலையைத் தனிமனித மேதைமையின் வெளிப்பாடாகக் காணும் நோக்கு, மேடையில் நிற்கும் பலருள் ஒருவரைத் தெரிந்தெடுத்து, ஏனையோரை அவருக்குப் பின்னணியாக்கிவிடும். அந்நோக்கினைக் கொள்கையளவில் நிராகரிப்போரும் வைரமுத்துவைப் பற்றி எழுதத் தொடங்கியதும் அதே புகழுரை மொழிக்குத் திரும்பிவிடுகின்றனர். இக்கட்டுரை அவரது மேதைமையைக் குறைத்துக் கூறுவதற்காக எழுதப்படுவதன்று. ஒரு நடிகர் தம்மோடு மேடையில் நிற்கும் மற்றொருவரை எவ்வாறு அசைக்கின்றார், எவ்வாறு அவரால் அசைக்கப்படுகின்றார் என்னும் வினாவை, கீரிமலை, காங்கேசன்துறை, மாவிட்டபுரம் ஆகிய ஊர்கள் அடங்கிய வலிகாமத்தின் வடகரையில் வேரூன்றி வளர்ந்த ஒரு நாடகத்தை வைத்துப் பார்ப்பதே இதன் நோக்கம்.

மேலைத்தேய நடிப்புக் கோட்பாட்டில் இவ்வினாவுக்கு நன்கு அறியப்பட்ட விடையொன்று உண்டு. ஸ்ரனிஸ்லவ்ஸ்கி, நடிகன் சபையோரை நோக்கி உணர்ச்சியைக் காட்டுவதை விட்டு, எதிரே நிற்பவனிடம் எதையோ பெற முயலவேண்டும் என்றார். வேண்டுதல், மிரட்டுதல், தேற்றுதல், ஏமாற்றுதல் என ஒவ்வொரு வசனமும் உடன்நடிகர்மீது செய்யப்படும் ஒரு செயல். உணர்ச்சி அச்செயலின் விளைவாகத் தானே வந்து சேரும். 1936இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, உலகெங்கும் நாடக மாணவர் கைகளிற் புழங்கும் அவரது நூலில் இவ்வுறவுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டுள்ளது. நம்மவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன் கூறும்போது, உணர்வு என்பது நெஞ்சில் தானே ஊறுவதாகக் கொள்ளாது, புறத்தே உள்ள ஒன்றன்பாற் பிறப்பதாகவே கொள்கின்றது. நகையின் முதல் நிலைக்களனாகிய எள்ளலுக்கு எள்ளப்படும் ஒருவர் வேண்டும். தனியே நின்று எள்ளுதல் இயலாது.

எனினும், ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் விடை ஒரு குறையுடையது. இருவர் எதிரெதிரே நிற்கையில் ஒருவர் மற்றவரிடம் எதைப் பெறலாம், எதைப் பெறவே முடியாது என்பதை வரையறுப்பது யார்? இவ்வினா அங்கு உளவியலாகச் சுருங்கிவிடுகின்றது. பிறெக்ற் 1948இல் எழுதிய சிறு அரங்கியல் நூலில் இதனை வேறு நிலையிலிருந்து அணுகினார். சமூகத்தின் மிகச் சிறிய அலகு தனியொருவர் அன்று, இருவரே என்பது அவர் கருத்து. நட்சத்திர நடிகர் தம் பாத்திரத்தைப் பயங்கரமானதாக்க விரும்பினால், உடன்நடிகர்களைப் பயந்தவர்களாக நடிக்கச் செய்து அதனைச் சாதித்துக்கொள்கின்றார் என்று அவர் சுட்டிக்காட்டுவது, மேடையின் உழைப்புச் சுரண்டலை அப்படியே படம்பிடிக்கின்றது. ஒத்திகையில் நடிகர்கள் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளவேண்டும் என்ற அவரது யோசனையும் இதிலிருந்தே பிறக்கின்றது. நடிப்பு உத்தி என நாம் வழங்குவது, அந்நடிப்பு எவ்வகையான உழைப்பு ஒழுங்கமைப்பினுள் நிகழ்கின்றதோ அதனாலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது என்பது இங்கிருந்து பெறத்தக்க முடிவு. தமிழ் இசை நாடக வரலாறு இதற்கு மிகச் சிறந்த சான்று.

தமிழகத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் வடிவத்தை முதலில் நோக்குவோம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி முதலிய வட்டாரங்களிற் கோயில் விழாக்களை ஒட்டி இன்றும் விடியவிடிய நடப்பது இது. இதில் நிரந்தரக் குழு என ஒன்றில்லை. நெறியாளர் இல்லை. ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகின்றனர். தத்தம் ஊரிலிருந்து தத்தம் உடைப்பெட்டியுடன் வந்து சேர்கின்றனர். அன்றிரவு தம்மோடு ஆடப்போகின்றவர் யார் என்பதை விளம்பர நோட்டீசைப் பார்த்தே அறிந்துகொள்வதும் உண்டு. நாடகத்தின் பாடம் எல்லோருக்கும் பொது. வள்ளி திருமணத்தில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதில் ஐயமில்லை. பாட்டுகளுக்கு இடையே வரும் 'தர்க்கம்' மட்டும் திறந்த வெளி. வேலனும் வள்ளியும், நாரதரும் வள்ளியும் கேள்வி கேட்டும் விடை சொல்லியும் மோதிக்கொள்ளும் இடம் அது.

தர்க்கத்தில் உடன்நடிகரை மடக்குவதற்கான வழிவகைகள் ஒரு கைத்தொழிலின் நுட்பங்களாகவே வளர்ந்துள்ளன. சுருதியை எடுத்துக்கொள்வோம். ஆர்மோனியம் ஒன்றே, அதில் யாருடைய கட்டைக்கு யார் இணங்குவது என்பது முதற் போட்டி. ஆணின் சாரீரத்துக்கு ஏற்ற கட்டையில் பெண்பாத்திரம் பாட நேர்ந்தால், அல்லது மறுதலையாக நேர்ந்தால், ஒருவர் வாய் திறக்குமுன்னரே பாதி தோற்றவராகிவிடுவார். அடுத்தது காலம். எதிரி விடை சொல்வதற்கு வாய்ப்பாக வசனத்தை முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காது, விருத்தத்தின் ஈற்றடியை இழுத்து, அவர் எடுத்துவைத்த மூச்சு வீணாகும்படி செய்தல். பாடத்தில் இல்லாத புராணச் சிக்கலொன்றை இடையில் வீசுதல். கேள்வியை எதிரியிடம் கேட்டுவிட்டு முகத்தைச் சபைப்பக்கம் திருப்பிக்கொள்ளுதல். சபை சிரித்துவிட்டால் விடை எதுவாயினும் பயனில்லை. இவற்றை எதிர்கொள்ளவும் நுட்பங்கள் உண்டு. எதிரியின் கடைசிச் சொல்லையே தன் முதற் சொல்லாகப் பிடித்து அந்தாதிபோல எழுதல், அவர் பாடிய அதே மெட்டில் மறுமொழியைக் கட்டித் திருப்புதல், ஆர்மோனியக்காரரை நட்பாக்கி வைத்துக்கொள்ளுதல் ஆகியவை அவற்றுட் சில. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களின் பிற்பகுதியில் இலங்கை மேடையிலேயே முதன்முதலாக இணைந்து நடித்தனர். அவ்விணைவைப் பற்றி வழங்கும் கதைகளும் யார் யாரை வெல்லுவார் என்ற எதிர்பார்ப்பைச் சுற்றியே அமைந்துள்ளன.

இவ்வுத்திகளை நடிகர்களின் அகந்தையால் விளைந்தவை எனக் கூறி ஒதுக்குவது எளிது. நாடக ஒழுக்கம் பற்றி எழுதிய பலர் அப்படியே செய்துள்ளனர். ஆயின், தனித்தனியே கூலி பேசி அமர்த்தப்படும் ஒருவருக்கு அடுத்த ஊரின் அழைப்பு, இன்றிரவு இவ்வூரில் எதிரே நிற்பவரைவிடச் சிறந்து தோன்றுவதைப் பொறுத்தே கிடைக்கும். உடன்நடிகர் அவருக்குச் சந்தையில் எதிரே கடை விரித்தவர். மேடையில் அவரை மடக்கும் நுட்பம், உழைப்பு தனித்தனிச் சரக்காக விற்கப்படும் சந்தையில் ஒருவர் பிழைத்திருக்கும் நுட்பமே. தர்க்கத்தின் சுவையை நான் மறுக்கவில்லை. அதன் கூர்மையும் உடனடிக் கற்பனையும் எழுதிவைத்த நாடகம் எதிலும் காணமுடியாதவை. அது போட்டியை அடியொட்டிய சுவை என்பதே இங்குக் கூறவேண்டியது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாலர் சபைகளை நாடியமைக்கு, வளர்ந்த நடிகர்களின் இத்தகைய கட்டுப்பாடின்மை ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவிலே ஒவ்வொரு சொல்லும் வாத்தியாரின் முன் பாடமாக்கப்பட்டது. அங்கு வளர்ந்த தி. க. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் அவ்வுலகை விரிவாக எழுதியுள்ளார். ஒழுங்கு வந்தது, தர்க்கத்தின் பேட்டைச் சண்டை நீங்கிற்று. ஆனால் சிறுவர்கள் ஒருவரையொருவர் நோக்கி ஆடவில்லை, வாத்தியாரை நோக்கியே ஆடினர். முதலாளியின் கொட்டகையில் உழைக்கும் குழந்தைகளுக்கு உடன்நடிகர் என்பவர், தம்மைப் போலவே பிரம்புக்கு அஞ்சும் இன்னொரு பிள்ளை. நமது நாட்டுக்கூத்திலும் ஆட்டக்காரர் இருவருக்கிடையிலான உறவு, தாளத்தோடு பின்னே நிற்கும் அண்ணாவியார் வழியாகவே செல்கின்றது. அங்கு அது வேறு சமூக அடிப்படையிலானது, ஊர்க் கூட்டுமுயற்சியைச் சார்ந்தது. அதனை இங்கு விரிக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இவ்வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழகக் குழுக்கள் வாயிலாக வந்தது. கொட்டகைகள் எழுந்தன. இங்குள்ளோர் பார்த்தனர், கற்றனர், பின்னர் தாமே ஆடினர். காரை செ. சுந்தரம்பிள்ளை இவ்வரலாற்றை உழைத்துத் தொகுத்துத் தந்துள்ளார். இசை நாடகத்தை இங்கு தம்முடையதாக ஆக்கிக்கொண்டோருட் கணிசமானோர் சாதியமைப்பில் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பது நமது விடயத்துக்கு மிக முக்கியமானது. கர்நாடக சங்கீத சபைகளின் வாயில் அவர்களுக்கு எளிதிற் திறக்கவில்லை. இராக ஞானத்தைப் பொதுமேடையில் மெய்ப்பிக்க இசை நாடகம் ஓர் இடமளித்தது.

வசந்த கான சபா இந்தச் சூழலில் ஒரு புதிய உறவை உருவாக்கிற்று. அது ஸ்பெஷல் நாடகம்போல ஓரிரவுக்குக் கூடிக் கலையும் கூட்டமன்று. பாலர் சபைபோல முதலாளியின் நிறுவனமுமன்று. ஓரூராரும் அயலூராருமாய், ஆண்டுக்கணக்காக ஒருவரோடொருவர் ஆடிப் பழகிய குழு. மயான காண்டம், பக்த நந்தனார், சத்தியவான் சாவித்திரி போன்ற நாடகங்களையே அவர்கள் மீண்டும் மீண்டும் ஆடினர். இதனை ஒரு தேக்கமாகக் கருதுவோர் உளர். ஆயின் ஒரே காட்சியை ஒரே உடன்நடிகருடன் நூற்றுக்கணக்கான இரவுகள் ஆடும்போது, மடக்கும் நுட்பத்துக்கு வேலையில்லாது போகின்றது. நாளையும் நாளைமறுநாளும் அவரோடுதான் ஆடவேண்டும். அவர் விழுந்தால் காட்சி விழும், காட்சி விழுந்தால் குழு விழும். எனவே வேறொரு வகை நுட்பம் இன்றியமையாததாகின்றது. உடன்நடிகர் எழுவதற்கு இடம்விடும் நுட்பம் அது.

மயான காண்டத்தின் மையக் காட்சியை இனி நோக்கலாம். கதை எல்லோரும் அறிந்தது. விசுவாமித்திரரின் கடனைத் தீர்ப்பதற்காக மனைவியையும் மகனையும் காலகண்டரென்னும் பிராமணருக்கு விற்றுவிட்டு, தன்னைச் சுடலைக்கு உரியவனான வீரபாகுவிடம் அடிமையாக விற்றுக்கொண்ட அரிச்சந்திரன் மயானம் காக்கின்றான். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி இரவில் அங்கு வருகின்றாள். இருவரும் ஒருவரையொருவர் அறியார். பிணத்தைச் சுடுவதற்குக் கட்டணம் வேண்டும்: முழத்துண்டு, கால்பணம், வாய்க்கரிசி. அவளிடம் எதுவுமில்லை.

அவள் புலம்பலோடு காட்சி எழுகின்றது. யாழ்ப்பாணத்துச் சபைக்கு ஒப்பாரி கேட்டுப் பழகிய ஒலி. அதற்கு விளக்கம் தேவையில்லை. இங்கு அரிச்சந்திரனாக நிற்பவருக்குரிய முதல் வேலை கேட்டல். இருள் என்பது கதையில் இருக்கின்றது, மேடையில் இல்லை. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்திலோ மின்விளக்கின் கீழோ இருளை உண்டாக்கக்கூடியது நடிகரின் செவி மட்டுமே. அக்குரல் எத்திசையினின்று வருகின்றதெனத் தேடி, அதனைக் கண்ணாற் காணாமலே அதன் துயரம் தம்மேற் படியும்படி அவர் நிற்கவேண்டும். அவர் கேட்கத் தவறினால், சந்திரமதி எத்துணைத் திறம்படப் பாடினாலும் அது தனிக்கச்சேரியாகிவிடும். இன்று இந்நாடகத்தை ஆடும் குழுக்களிற் பலவற்றில் நான் காண்பது, இந்நேரத்தில் ராஜபார்ட் அடுத்துத் தாம் பாடவிருக்கும் விருத்தத்துக்குச் சுருதி பார்த்துக்கொண்டு நிற்பதையே. சபையின் கவனமும் அவரோடு சேர்ந்து அவரது விருத்தத்துக்காகக் காத்திருக்கின்றது. பிள்ளையின் பிணத்தை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்துக் கட்டணம். அவன் கேட்கின்றான், அவள் இரக்கின்றாள். ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் முறைப்படி நோக்கினால் இது தெளிவான மோதல். அவள் அவனை இளகச் செய்ய முயல்கின்றாள், அவன் அவளைக் கொடுக்கச் செய்ய முயல்கின்றான். இருவரும் தம் தம் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் நாடகம் இங்கு ஒரு நுண்ணிய வேறுபாட்டைச் செய்கின்றது. வாய்க்கரிசி காவற்காரனுக்குரிய பங்கு. அதனை அவன் விட்டுக்கொடுக்க முன்வருகின்றான். முழத்துண்டும் கால்பணமும் ஆண்டைக்குரியவை. அவற்றை விட்டுக்கொடுக்க அவனுக்கு உரித்தில்லை. அவள் பாடி அவனை அசைக்க இயலும், அசைத்தும் விடுகின்றாள். அசைந்தவனால் கொடுக்கக்கூடியதோ தன் கையிலுள்ள ஒருபிடி அரிசி மாத்திரமே. மனிதர் மனிதரை அசைக்கும் ஆற்றலின் எல்லையை இங்கு சொத்துறவு வரையறுத்து நிற்கின்றது. மேடைக்கு வராத வீரபாகு அக்காட்சியின் மூன்றாவது நடிகன்.

நடிப்பு நுட்பமென்ற வகையில் இதன் பொருள் யாது? அரிச்சந்திரனாக நிற்பவர் கல்நெஞ்சராகவும் நடிக்கலாகாது, இரங்கி உருகுபவராகவும் நடிக்கலாகாது. கல்நெஞ்சரானால் சந்திரமதியின் வேண்டுதல்கள் சுவரில் எறிந்த பந்தாகும். உருகிவிட்டால் அவளுக்கு மேலே போவதற்குப் படியில்லாது போகும். வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்கும் இடத்தில் முழுமனத்தோடு விட்டுக்கொடுத்து, அடுத்த நொடியில் முழத்துண்டுக்குக் கையை நீட்டவேண்டும். அந்த நீட்டிய கை அவனுடையது, அதன் விருப்பம் அவனுடையதன்று. பிறெக்ற் வேண்டிய சமூக மெய்ப்பாடு இதுவே எனக் கொள்ளத்தகும். அக்கையைக் காணும் சந்திரமதி ஒரு மனிதனிடம் இரப்பதை விட்டு, ஓர் ஒழுங்குக்கு முன்னால் திகைத்து நிற்கத் தொடங்குகின்றாள். இம்மாற்றத்தை அவருக்குத் தருவது உடன்நடிகரின் கை. அவர் தாமாகவே அதனை உற்பத்தி செய்ய இயலாது.

மூன்றாவது திருப்பம் தாலி. ஒன்றுமில்லை என்பவளிடம், கழுத்தில் தாலி இருக்கின்றதே, அதனை விற்றுக் கொடு என்கின்றான் அவன். கணவன் கண்ணுக்கன்றிப் பிறர் கண்ணுக்குப் புலனாகாத தாலி அது. அவ்வொரு வசனத்தாலேயே இவன் யார் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகின்றது. தமிழ் நாடக மரபில் உடன்நடிகரை அடியோடு மாற்றும் வசனம் ஒன்றைக் காட்டென்றால் நான் இதனையே காட்டுவேன். இதன் தனித்தன்மை என்னவெனில், சொல்பவன் தான் என்ன செய்கின்றான் என்பதை அறியான். எனவே இவ்வசனத்தை எவ்வளவு சாதாரணமாக, கடன்வசூல் செய்பவன் அடகுப்பொருளைச் சுட்டுவதுபோலச் சொல்லமுடியுமோ அவ்வளவு சாதாரணமாகச் சொல்வதே நடிகரின் கடமை. இங்கு இழுத்து, அழுத்தி, சபையைத் திரும்பிப் பார்த்து, 'இதோ வருகின்றது' என்பதுபோல் சொன்னால், அவர் தம் உடன்நடிகரின் முகத்தில் நிகழவேண்டியதைத் தாமே திருடிவிடுகின்றார். ஸ்பெஷல் நாடகத்தின் போட்டியில் வளர்ந்த ராஜபார்ட்டுக்கு இத்தகைய தன்னடக்கம் தொழிற்றற்கொலை. நிலையான குழுவில் மட்டுமே அது கட்டுப்படியாகும்.

அறிந்துகொண்ட பின்னரும் கட்டணம் நீங்குவதில்லை. கணவன் மனைவியிடமும், தந்தை தன் மகனின் பிணத்துக்கும் அதே முழத்துண்டையும் கால்பணத்தையும் கேட்கின்றான். பதினாறாம் நூற்றாண்டின் வீரகவிராயர் புராணத்திலிருந்து காந்தி தம் சிறுவயதிற் பார்த்ததாக எழுதிய அரிச்சந்திர நாடகம் வரை இது சத்தியத்தின் உச்சமாகவே போற்றப்பட்டு வந்துள்ளது. முற்போக்கு விமர்சனம், நியாயமாகவே, இதில் அடிமையின் ஆண்டைப் பற்று புனிதமாக்கப்படுவதைக் கண்டது. நாடகப் பாடத்தை மட்டும் வாசித்தால் அம்முடிவே சரி. ஆடுகளத்தில் நிகழ்வது சற்று வேறு. அடையாளம் தெரிந்த பின் அவன் மீண்டும் கையை நீட்டும்போது சபையில் எழும் பெருமூச்சு, சத்தியத்தை வியந்து எழுவதாக மட்டும் எனக்குத் தோன்றியதில்லை. இப்படியும் ஒரு ஏற்பாடு இருக்கின்றதே என்ற மனத்தாங்கலும் அதில் உண்டு.

அவ்வேற்பாட்டைக் கீரிமலைப் பகுதிச் சபை வேறெவரையும்விட நன்கு அறியும். குடாநாட்டின் பல பாகங்களிலுமிருந்து அந்தியேட்டிக்கும் அஸ்தி கரைக்கவும் மக்கள் வந்து சேரும் இடம் கீரிமலை. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் தீர்ப்பதற்கு அக்கேணியிலும் கடலிலும் கூட்டம் நிறையும். சாவு அங்கு தத்துவமாக மட்டும் இருப்பதில்லை; எந்தச் சடங்குக்கு யாருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்ற கணக்காகவும் இருக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சாவு வீடு குடிமை முறையின் துல்லியமான காட்சிக்கூடமாய் விளங்கியது. வெள்ளை கட்டுபவர், பறை அறைபவர், மயிர் களைபவர், விறகு அடுக்குபவர் என ஒவ்வொருவருக்கும் பிறப்பால் விதிக்கப்பட்ட வேலையும், துணியாகவும் அரிசியாகவும் காசாகவும் விதிக்கப்பட்ட கூலியும் இருந்தன. முழத்துண்டும் வாய்க்கரிசியும் கால்பணமும் என்று மேடையிற் சொல்லப்படும்போது, சபையில் இருந்தோரில் ஒருசாராருக்கு அது தாம் கொடுத்துப் பழகியது, மறுசாராருக்குத் தாம் வாங்கிப் பழகியது. ஓர் அரசன் அக்கூலிக்குக் கைநீட்டும் நிலைக்குத் தாழ்த்தப்படுவதையும், அவ்வரசனாக நிற்பவர் எந்தச் சமூகத்திலிருந்து வந்தவர் என்பதையும் அவர்கள் ஒரே கணத்திற் கண்டனர். கோயிலின் உள்வீதிக்குள் விடப்படாதோர் கோயில் வெளிவீதி மேடையில் மன்னராக நின்று, மன்னனைச் சுடலைக் காவலனாக்கிக் காட்டியமை சாமானியமான விடயமன்று.

இதே பகுதியில், ஆடி அமாவாசைக்குத் தன் தெய்வத்தைக் கீரிமலையில் தீர்த்தமாட அனுப்பும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. அதனைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் கூத்து வடிவில் மேடையேற்றினர். முற்போக்கு நாடக வரலாறு அதனை உரிய இடத்தில் வைத்துப் போற்றுகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் புத்தாக்கம் செய்தமையால் உருவான சூழலும் இதற்கு உதவிற்று. கூத்து மண்ணின் வடிவம், தேசிய வடிவம் என ஏற்கப்பட்டது. இசை நாடகமோ இரவல் வடிவம், பார்ஸி நாடகத்தின் வழிவந்த கொட்டகைச் சரக்கு, வெறும் பாட்டுக் கச்சேரி எனச் சற்றுத் தள்ளியே வைக்கப்பட்டது. வடிவத்தின் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பது வரலாற்றுப் பொருள்முதல்வாதம் ஆகாது. யார் அதனைக் கையிலெடுத்தனர், அவர்களிடையே அது எத்தகைய உழைப்புறவை உண்டாக்கிற்று என்பதன்றோ பார்க்கவேண்டியது? அவ்வாறு பார்த்திருப்பின், வாயிலில் நின்று உள்ளே விடமறுக்கும் காவலனும் வெளியே நின்று கேட்பவளும் என்ற உறவை, மாவிட்டபுரத்துக்கு அண்மையிலேயே, 1968க்கு முன்பே பல நூறு இரவுகள் ஆடிக்காட்டிக்கொண்டிருந்த ஒரு நாடகம் கண்ணிற் பட்டிருக்கும்.

சந்திரமதியின் பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாண இசை நாடக மேடையில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே பெரிதும் ஏற்றனர். பெண்களை மேடையிலிருந்து விலக்கிய சமூகம், பெண்ணின் துயரத்தைப் பாடும் வேலையை ஓர் ஆணின் உடலுக்கு ஒப்படைத்தது. அவ்வேலையை ஏற்றவருக்கு இரட்டைச் சுமை. காட்சியின் உணர்ச்சிப் பளு முழுவதும் அவர் தலைமேல், பெயரோ மற்றவருக்கு. ஸ்திரீபார்ட் நடிகர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் பாராட்டு, 'அச்சுப் பெண்ணைப் போலவே இருந்தார்' என்பது. நடை, நளினம், குரல் என அப்பாராட்டு தோற்றத்தோடு நின்றுவிடும். தாலி வசனத்தின் பின் ஒரு நொடி பாடாது, ஆர்மோனியத்தை நிறுத்திவைத்து, எதிரே நிற்பவரைத் தலை நிமிர்ந்து பார்க்கும் துணிவு அவருக்கு இருந்ததா என்பதே கேட்கப்பட வேண்டியது. இசை நாடகத்தில் மௌனம் விலையுயர்ந்தது. பாட்டுக்காக வந்த சபையிடம் பாட்டை நிறுத்திவைப்பது ஆபத்து. அந்த ஒரு நொடியை அரிச்சந்திரன் காத்து நின்று பாதுகாக்காவிடில் சந்திரமதியால் அதனை எடுக்கவே இயலாது.

இவற்றைப் பற்றிய பதிவு நம்மிடம் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது. வானொலியும் ஒலிநாடாவும் காத்துத் தந்தவை பாட்டுக்களே. ஒலிநாடாவில் கேட்டலுக்கு ஒலியில்லை, நீட்டிய கைக்கும் ஒலியில்லை. வைரமுத்து 1989இல் மறைந்தார். மறு ஆண்டு யுத்தம் காங்கேசன்துறை, கீரிமலை மக்களை இடம்பெயரச் செய்தது. நகுலேஸ்வரம் கோயில் அவ்வாண்டு குண்டுவீச்சுக்கு இலக்கானது. பின்னர் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக அப்பகுதியின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிருந்தது. அந்நாடகத்தைத் தலைமுறைகளாகப் பார்த்து, எந்த இடத்தில் எது நிகழவேண்டும் என அறிந்திருந்த சபை முகாம்களிலும் பிற ஊர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் சிதறிற்று. நடிகர் குழு மட்டுமன்றி, அதனைத் திருத்தவல்ல சபையும் கலைந்தமையே பின்வந்த ஆட்டங்களில் குரல் தனியே ஓங்கியமைக்கு ஒரு காரணம் எனக் கருதுகின்றேன்.

இன்று நாடகமும் அரங்கியலும் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படும் பாடம். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி களப்பயிற்சிகளுக்கு இங்கு வழியமைத்தது. மாணவர்கள் உடன்நடிகர் உறவைக் கண்ணாடிப் பயிற்சி, பந்தெறிதல், ஒருவரையொருவர் நம்பி விழுதல் முதலிய பயிற்சிகளாற் கற்கின்றனர். இவை நல்லவை, ஆனால் இவற்றில் இருவரும் சமமானவர்கள், இருவருக்கும் இடையே எந்தச் சொத்தும் இல்லை. மயான காண்டத்தின் கட்டணக் காட்சியைப் பாட்டின்றி, வசனமாக மாத்திரம், இரு மாணவர் ஆடி, பின்னர் பாத்திரம் மாற்றி மீண்டும் ஆடிப் பார்க்கலாம். கேட்டவர் இரக்கவும் இரந்தவர் கேட்கவும் நேர்கையில், வாய்க்கரிசியை விட்டுக்கொடுப்பது எவ்வளவு எளிது, முழத்துண்டுக்குக் கைநீட்டுவது எவ்வளவு கடினம் என்பது அவர்கள் உடம்பிலேயே தெரியவரும். பாட்டை அதன்பின் சேர்த்துக்கொள்ளலாம். சுருதியைச் சந்திரமதியின் கட்டைக்கு வைத்து.